நெய்வேலிக் குழாய்நீரும் எங்கள் மீன்தொட்டியும்

நெய்வேலிக் குழாய்நீரில் மீன் பிழைக்காது என்றொரு சொல், அவ்வூர் புதிதாய் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எங்கள் தெருவில் பிறந்தது. பணிமாற்றம் பெற்றுப் போனவர்களோடு அது வேற்றூர்களுக்கும் போயிற்று. அண்மையில் ஒரு திருமணப் பந்தியில், நெய்வேலியை ஒருநாளும் கண்டிராத ஒருவர் அதனை ஐயமற்ற உண்மையாக என்னிடமே எடுத்துரைத்தார். அச்சொல் பிழை. அதன் பிறப்பிடம் என் வீட்டுக் கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டி. அத்தொட்டியில் நிகழ்ந்ததை முதலிலிருந்து முடிவுவரை கண்டவள் நான். ஆதலின் இதனை எழுதிவைத்தல் என் கடன் எனக் கொண்டேன்.

அக்காலத்தில் நான் நகரியப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. என் கணவர் சுரங்கத்தில், மண்ணகழும் பெரும்பொறிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தார். அவர் குறிஞ்சிப்பாடியை அடுத்த உழவர் குடியில் பிறந்தவர். நான் காவிரிப் பக்கத்தவள். எங்கள் வரிசையில் இருந்த வீடுகளில் ஒரே மாவட்டத்தார் இருவர் அடுத்தடுத்து இருந்ததாக நினைவில்லை. எங்களுக்கு இடப்புறம் திருநெல்வேலிப் பக்கத்து இளம் இணையர் குடியிருந்தனர். அவர்களுக்குத் தவழும் பருவத்தில் ஒரு பெண் குழந்தை. கணவன் அப்போதுதான் நிலையான பணி பெற்றிருந்தான். அவ்வூர் வழக்கில் ‘பெர்மனென்ட்’ என்ற அச்சொல்லை அவன் உச்சரிக்கும்போது குரல் சற்றுத் தணியும். கோயிலில் பேசுவதுபோல் பேசுவான்.

அவ்வூர் நீரைப் பற்றி ஒரு சொல் கூறியாக வேண்டும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெருநீர் ஒன்று மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அதனை ஓயாது இறைத்து வெளியேற்றினாலன்றிச் சுரங்கத்தில் கால் வைக்க இயலாது. அவ்வாறு இறைத்த நீரே எங்கள் குழாய்களில் வந்தது. மிக மென்மையான நீர். துவரம்பருப்பு விரைவில் குழைந்துவிடும். சவர்க்காரம் சிறிது தேய்த்தாலே நுரை பொங்கும். ஆனால் பொருநை என்னும் தாமிரபரணி நீர் குடித்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை.

“பருப்பு வேகுது, இல்லங்கல. ஆனா தொண்டைல இறங்குனா தண்ணி குடிச்ச மாதிரியே இல்லக்கா. எங்கூர்ல ஆத்துத் தண்ணி இனிக்கும்லா” என்பாள்.

என் கணவர் விடமாட்டார். “பூமிக்கு அடியில எத்தினியோ காலமா யாரும் கை வெக்காத தண்ணிம்மா இது. உங்க ஆத்துல எருமை குளிச்சிகினு இருக்கும்.”

“எருமை குளிச்சாலும் மீன் துள்ளுமே அண்ணாச்சி.”

இந்த வாய்ச்சண்டைதான் மீன்தொட்டிக்கு வித்திட்டது என்று நான் கருதுகிறேன். சில கிழமைகள் கழித்து, அலுவலாகச் சென்னை சென்ற கணவர் வாயகன்ற பால்தூக்கு ஒன்றில் பொன்மீன்களையும் மைநிறச் சிறுமீன்களையும் ஏந்தி, பண்ருட்டி வழியாகப் பேருந்தில் வந்து இறங்கினார். இரும்புச் சட்டத்தை அவருடைய நண்பர்கள் பற்றவைத்துக் கொடுத்தனர். கண்ணாடி பண்ருட்டிக் கடையில் வாங்கியது. கெடில ஆற்று மணலைப் பலமுறை அலசிப் பரப்பினோம். நடுவில் மலைபோல் ஏதேனும் வேண்டும் என்றார் கணவர். மறுநாள் சுரங்கத்திலிருந்து, ஈரம் உலராத பழுப்புக்கரித் துண்டு ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். பெரிய தேங்காய் அளவு இருந்தது.

“கல்லு எல்லா ஊர்லயும் கெடைக்கும். இது நம்ம பூமியோட பொருளு. அதோட கரி தண்ணியச் சுத்தம் பண்ணும். பானையில மணலும் கரியும் போட்டு வடிகட்டறது உங்க வாசகப் புத்தகத்துலயே இருக்குதே, வாத்தியாரம்மா?”

இருந்தது. அப்பாடத்தை நானே நடத்தியிருந்தேன். கரி நீரைத் தூய்மையாக்கும் என்ற நூற்கூற்றும், தம் மண்ணின் விளைபொருள்மீது அவர் கொண்ட பெருமிதமும் ஒன்றாகச் சேர்ந்தபோது மறுத்துரைக்க எவருக்கும் தோன்றவில்லை.

தொடக்கத்தில் எல்லாம் செம்மையாகவே நடந்தது. பொன்மீன்கள் கரிமலையைச் சுற்றி வலம் வந்தன. தெருப்பெண்கள் மாலையில் வந்து பார்த்துப் போயினர். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் அதன் விரலை ஒற்றி ஒற்றிக் காட்டுவாள். “சரி அண்ணாச்சி, உங்க தண்ணி செயிச்சுட்டு” என்று அவளே ஒருநாள் ஒப்புக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் கண்ணாடியிலும் கரியிலும் பாசி படிந்தது. கணவர் ஒரு ஞாயிறன்று தொட்டியை முற்றிலும் காலிசெய்தார். மீன்களைப் புழைக்கடையில் துணி அலசும் சிமிட்டித் தொட்டியில் விட்டார், மணலைக் கழுவினார், கரித்துண்டைத் தென்னந் துடைப்பத்தால் தேய்த்து, பாசி சாகட்டும் என்று மதிற்சுவர்மேல் வெயிலில் வைத்தார். மாலையில் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிப் புதுநீர் நிரப்பினார். அடுத்த நாள் ஒரு மைநிற மீன் மிதந்தது. அதன்பின் ஒரு பொன்மீன்.

அன்று தொடங்கிய ஆராய்ச்சியை முறையாகவே நடத்தினோம் என்று சொல்வேன். முதல் ஐயம், கிருமி கொல்ல நீரில் கலக்கும் வெளுப்புத்தூளின்மேல். குழாய்நீரில் அதன் மணம் சில நாள் மிகும். ஆகவே நீரை வாயகன்ற மண்தாழிகளில் ஓர் இரவு திறந்து வைத்தபின் ஊற்றினோம். மணம் நீங்கியது, மீன்கள் சாவது நிற்கவில்லை. அடுத்து, ஆழத்து நீரில் காற்றுக் குறைவோ என எண்ணி, நீரைக் குடத்திலிருந்து குடத்துக்கு உயரத் தூக்கி ஆற்றி ஊற்றினோம். மீன்கள் சற்றுத் தெளிவதுபோல் தோன்றிப் பின்னும் சோர்ந்தன. தீனி மிகுந்து அழுகுகிறதோ என்று தீனியைக் குறைத்தோம். எதுவும் பயன்தரவில்லை. நோயின் குறிகள் மாறாதிருந்தன: துடுப்புகள் உடலோடு ஒட்டிக்கொள்ளும், மேனியில் வெண்சளி படியும், நீரின் விளிம்பில் துருநிறக் கோடு எழும்.

என் கணவருக்கு ஒரே மருந்துதான் தெரியும். பொறி பழுதுபட்டால் பிரித்துத் துடைப்பார்; மீன் செத்தால் தொட்டியைப் பிரித்துக் கழுவினார். முன்பு எப்போதாவது கழுவியது கிழமைதோறும் ஆயிற்று. காய்ந்து காய்ந்து கரித்துண்டில் வெடிப்புகள் கண்டன. வெடிப்புக்குள்ளே பித்தளை நிறத்தில் மின்னும் துகள்கள் தெரிந்தன. “உள்ள தங்கமே இருக்குது பாரு” என்று வந்தவர்க்கெல்லாம் காட்டினார்.

இந்நிலையில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. மருத்துவமனையில் மருந்து கொடுத்து, குடிநீரையும் பால்புட்டியையும் கொதிக்க வைக்கச் சொல்லி அனுப்பினார்கள். நின்றது, மீண்டும் வந்தது. அப்பெண் எங்கள் கூடத்தில் வந்து நின்று, அன்று மிதந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொதிக்க வச்சா மட்டும் விசம் போயிருமாக்கா? மீனே பிழைக்காத தண்ணியப் பச்சப்பிள்ளைக்கு எப்படிக் கொடுக்கது? எங்கப்பாவுக்கு எழுதிட்டேன். ஞாயித்துக்கிழமை வாராவ. பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருதேன்.”

“உன் வீட்டுக்காரர்?”

“அவிய சோத்துக்கு என்ன செய்வாவன்னு எனக்கும் தெரியும். வேலைய விட்டுட்டு வந்திருங்கன்னுதான் சொல்லுதேன். ராத்திரியெல்லாம் பேசாம மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்காவ.”

அவ்விளைஞன் மறுநாள் தன் பணிமுறை முடிந்து திரும்பும் வழியில் என்னிடம் வந்தான். திண்டாட்டத்தை மறைக்கத் தெரியாத முகம். “அக்கா, எங்க வீட்ல நான் ஒருத்தன்தான் சம்பளக்காரன். ஊருக்குப் போனா மறுபடியும் கூலி வேலைதான். ஆனா பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த வேலை எதுக்கு? தண்ணி நல்லதா கெட்டதா, ஒரு சொல்லு சொல்லிருங்க” என்றான்.

நீர் குற்றமற்றது என்று நான் அப்போதே நம்பினேன். அந்நம்பிக்கைக்கு அடிப்படையும் இருந்தது. தொட்டியைக் கழுவும்போதெல்லாம் புழைக்கடைச் சிமிட்டித் தொட்டியில் விட்ட மீன்கள், அரைநாளுக்குள் துடுப்பு விரித்துத் துள்ளின. கூடத்துத் தொட்டிக்குத் திரும்பியதும் சுருண்டன. இரண்டிலும் இருந்தது ஒரே குழாயின் நீர். ஒரே நீர் ஓரிடத்தில் உயிரூட்டி மற்றோரிடத்தில் கொல்லுமாயின், கொல்வது நீரன்று; அவ்விடத்தில் உள்ள வேறொன்று. இதனை அவனிடம் சொன்னேன். தலையாட்டினான். ஆனால் அவன் மனைவிக்குப் போய்ச் சொல்வதற்கு அது போதாது என்பதை அவன் முகமே காட்டிற்று. அவளுக்குக் கண்ணால் காண வேண்டும்.

கூடத்துத் தொட்டியில் இருந்தவை மூன்று: மணல், கண்ணாடியை ஒட்டிய பசை, கரி. மணலில் ஒரு படி அள்ளிச் சிமிட்டித் தொட்டியில் போட்டேன். அங்கிருந்த மீனுக்கு ஒன்றும் நேரவில்லை. எஞ்சிய இரண்டனுள் பசையையே நான் ஐயுற்றேன். கரியை ஐயுறவில்லை. தூய்மை செய்யும் பொருள் என்று நூலில் படித்ததை எளிதில் நெஞ்சம் விடுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு வேறொரு வேலையும் இருந்தது. பள்ளியின் கையெழுத்து இதழுக்கு வேண்டிய மையை நானே காய்ச்சுவது வழக்கம். கடுக்காயை இடித்து நீரில் ஊறவைத்து, அதில் அன்னபேதியைக் கரைத்தால் கருமை ஏறும். இது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் முறை. புழைக்கடைத் துணிக்கல்லின்மேல் கடுக்காய்ச்சாற்றை வடிகட்டி ஒரு வெண்பீங்கான் கிண்ணத்தில் வைத்திருந்தேன். அன்னபேதிப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. கணவர் வழக்கம்போல் தொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மதில்மேல் காய்ந்த கரித்துண்டை ஒரு குவளை நீர் ஊற்றிக் கழுவி, சொட்டச் சொட்ட என் கிண்ணத்தின் மேலாக எடுத்துச் சென்றார். சொட்டுகள் சாற்றில் விழுந்தன. விழுந்த இடந்தோறும் கருநூல்போல் ஒரு கோடு இறங்கி விரிந்தது.

“அப்படியே நில்லுங்கள்” என்றேன்.

“என்னா, கால்ல பாம்பா?”

“அதைக் கீழே வைத்துவிட்டு இங்கே வந்து பாருங்கள். நான் இதில் இன்னும் அன்னபேதி போடவில்லை.”

பார்த்தார். விளங்கவில்லை. விளக்கினேன். கடுக்காய்ச்சாற்றைக் கறுக்கச் செய்வது அன்னபேதி. அது இரும்பும் காடியும், அதாவது அமிலமும், சேர்ந்த உப்பு. கரியிலிருந்து வடிந்த நீரே சாற்றைக் கறுக்கச் செய்கிறதென்றால், அந்த உப்பு கரியில் விளைகிறது. கரித்துண்டைத் திருப்பிப் பார்த்தோம். வெடிப்புகளின் ஓரத்தில் வெண்மையும் மஞ்சளுமாக நீற்றுப்பூச்சுப் படர்ந்திருந்தது. அவர் காட்டி மகிழ்ந்த பொற்றுகள்களைச் சுற்றியே அது மிகுந்திருந்தது. ஒவ்வொரு முறை வெயிலில் காயவைத்தபோதும் புதிதாக உப்புப் பூத்திருக்கிறது. ஒவ்வொரு முறை தொட்டியில் வைத்தபோதும் அது முழுவதும் நீரில் கரைந்திருக்கிறது. நாங்கள் எவ்வளவு அக்கறையோடு கழுவினோமோ அவ்வளவு நஞ்சு ஊட்டியிருக்கிறோம். ஈரம் உலராமல் வந்த கரியில் அவ்வுப்பு பூத்திருக்கவில்லை; முதல் நாள்களில் மீன்கள் நலமாயிருந்தது அதனாலேயே.

கணவர் அந்த நீற்றுப்பூச்சை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, “கரி தண்ணியச் சுத்தம் பண்ணும்னு புத்தகத்துல இருக்குதே” என்றார்.

“அது அடுப்புக்கரி. விறகை எரித்து எடுத்தது. இது எரித்து எடுத்ததன்று, நிலத்தடியில் வெட்டி எடுத்த கரி. பெயர் ஒன்றானாலும் பிறப்பு வேறு.”

“எங்க மண்ணு மீனக் கொல்லுதுன்னு தெருவெல்லாம் சொல்லப் போற.”

“உங்கள் மண்ணின் நீர் கொல்லவில்லை என்று சொல்லப் போகிறேன்” என்றேன்.  அன்று அவர் கரித்துண்டைத் தொட்டிக்குள் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை திருநெல்வேலிப் பெரியவர் வந்துசேர்ந்தார். பயறு வாணிகர், உயரமானவர், எதையும் கையிலெடுத்து உருட்டிப் பார்த்தபின்னரே விலை பேசும் பழக்கம் கண்களில் தெரிந்தது. மகளின் பெட்டி கட்டியாயிற்று. அவர்கள் எல்லாரையும் எங்கள் கூடத்துக்கு அழைத்தேன். மூன்று கண்ணாடிக் குவளைகள் வைத்தேன். முதலாவதில் அவர் முன்னிலையிலேயே குழாயில் பிடித்த நீர். இரண்டாவதில், முந்தின நாள் தொட்டியிலிருந்து வெளியேற்றி வாளியில் எஞ்சியிருந்த நீர். மூன்றாவதில் கரியைக் கழுவிய நீர். மூன்றிலும் அளவொத்த கடுக்காய்ச்சாறு ஊற்றினேன். முதற்குவளை வெளிறிய தேநீர் நிறத்தில் நின்றது. இரண்டாவது மங்கிச் சாம்பல் நிறம் கொண்டது. மூன்றாவது மையாயிற்று.

பெரியவர் மூன்றாவது குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “வித்தை நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா. மீன் செத்தது இந்தக் கரியால. ஒத்துக்கிடுதேன். பேத்திக்கு வயித்தால போறது எதுனால? அவ கரியத் திங்கலையே?”

நேர்மையான வினா. நேர்மையாகவே விடை சொன்னேன். “அதை இந்தக் குவளை சொல்லாது, ஐயா. ஆனால் இந்த நீரில் உயிர் வாழாது என்று உங்கள் மகள் எண்ணியதற்கு இந்த மீன்களே சான்று. அச்சான்று பொய் என்பதை மட்டும் காட்டினேன். மருத்துவர் கொதிக்க வைக்கச் சொன்னார். எப்படியும் நஞ்சுதானே என்று இவள் அதை ஒழுங்காகச் செய்திருக்க மாட்டாள் என அஞ்சுகிறேன்.”

“செஞ்சேன்க்கா” என்றாள் அவள். பிறகு குரல் தாழ்ந்து, “தண்ணிய மட்டும். புட்டியச் சில நாள் கழுவிட்டு வச்சிருவேன்” என்றாள்.

“ஏட்டி, அதச் சொல்லவே இல்லியே நீ” என்றார் தந்தை.

மருமகன் சுவரோரம் நின்றிருந்தான். பெரியவர் அவனை ஒருமுறை ஏறிட்டு நோக்கினார். “மாப்ள, பெட்டி கட்டினபடியே இருக்கட்டும். நான் நாலு நாள் இங்கனக்குள்ள இருந்து பாக்கேன். கரிய எடுத்துட்டு இதே தண்ணிய ஊத்துங்க. மீன் நின்னா இவ நிக்கட்டும். மீன் போனா நாங்களும் போறோம்.”

தொட்டியை அவர் கண்முன்னே நிறைத்தோம். மென்மையான நீர் சிறு காடியையும் தாங்காது என்பதனால், முன்பு கடலூர்க் கடற்கரையில் பொறுக்கி வைத்திருந்த கிளிஞ்சல்கள் சிலவற்றைக் கழுவி மணலில் பதித்தேன். கிளிஞ்சலிலும் சிமிட்டியிலும் உள்ள சுண்ணாம்பு காடியை முறிக்கும்; சிமிட்டித் தொட்டியில் மீன்கள் தெளிந்ததற்கும் அதுவே துணை நின்றிருக்கும் என்பது என் ஊகம். எஞ்சிய மீன்களை விட்டோம். பெரியவர் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு அமர்ந்தார். பயறு மூட்டையைக் காவல் காப்பவர்போல் காலையும் மாலையும் அங்கேயே இருந்தார். என் கணவர் பணிமுடித்து வந்தால் அவரருகே அமர்வார்.

“என்ன தம்பி, உங்க தங்கமலை எங்க?”

“அலமாரி மேல குந்திகினு இருக்குதுங்க. தண்ணிப் பக்கம் போவக் கூடாதுன்னு வூட்டுல உத்தரவு.”

“உத்தரவு நல்லதுதான். எங்க வீட்லயும் இப்படி ஒரு உத்தரவு உண்டு. முப்பது வருசமா மீறினதில்ல.”

முதல் நாள் மீன்கள் அடியில் ஒடுங்கிக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பெண் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் ஒரு பொன்மீன் துடுப்பை விரித்தது. அடுத்து வந்த காலையில் எல்லா மீன்களும் மேலெழுந்து தீனி கேட்டன. மேனியில் படிந்த சளி கழன்று மறைந்தது. நீர்விளிம்பில் துருக்கோடு எழவேயில்லை. இதற்கிடையில் அடுத்த வீட்டு அடுப்பில் பால்புட்டி நாள்தோறும் கொதித்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நின்றது. எதனால் நின்றது என்று அறுதியிட்டுக் கூற நான் மருத்துவம் கற்றவளல்லள்.

நான்காம் நாள் மாலை பெரியவர் எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு செம்பு நீர் பிடித்து, அண்ணாந்து முழுவதும் குடித்தார். “ருசி இல்ல. ஆனா குத்தமும் இல்ல” என்றார். பிறகு மகளிடம், “ஏளா, பெட்டியப் பிரி. எனக்கு மட்டும் ரெண்டு வேட்டிய எடுத்துத் தா” என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மருமகன் அப்போது இரவுப் பணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். மாமனாரைப் பேருந்து நிறுத்தம்வரை மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அவ்வீட்டார் அதன்பின் பல்லாண்டு எங்கள் அயலாராகவே வாழ்ந்தனர். அவன் அப்பணியிலேயே ஓய்வும் பெற்றான்.

நடந்தது இவ்வளவே. மீன் செத்த செய்தி மட்டும் தெருவைத் தாண்டிப் போயிற்று; கரியின் கதை போகவில்லை. கரியில் மின்னிய துகள்கள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் என்றும், காற்றும் ஈரமும் பட்டு அதுவே அன்னபேதியாகிறது என்றும், கணவரின் நண்பர் ஒருவர் பின்னாளில் எனக்கு விளக்கினார். நான் கற்றது மொழி, வேதியியல் அன்று. காடியைப் பற்றியோ கிளிஞ்சலைப் பற்றியோ நான் கூறியவற்றில் பிழை இருக்குமாயின், அத்துறை அறிந்தோர் தயங்காது எழுதித் திருத்துவாராக. அன்று எங்கள் கூடத்தில் நின்றவர்கள் இதனைப் படிக்க நேர்ந்தால், அப்பெரியவர் கூறிய சொற்களில் ஏதேனும் ஒன்றை நான் மாற்றி எழுதியிருப்பின், அதனையும் எனக்கு எடுத்துரைக்க வேண்டுகிறேன். குறிப்பாக அவர் மகள்.